காரு சரியில்ல

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் காரில் வந்தார்கள். அரும்பாவூரில் எங்கள் தெருவுக்கு அதற்கு முன் கார் வந்தது தேர்தல் சமயத்தில்தான். வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு நிறம். அம்மாவுக்கு மாப்பிள்ளையைவிட அந்தக் காரைத்தான் முதலில் பிடித்தது என்று நினைக்கிறேன். "கார் வச்சிருக்கற வூடு. நெனச்சா ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிடுவா" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பெரம்பலூர் போய், அரியலூர் போய், அங்கிருந்தும் கிழக்கே போகவேண்டும். ஐம்பது மைல் வரும் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்திருப்பார்.

எழுபதுகளின் கடைசி அது. புகுந்த வீடு விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கணவருக்கு வடக்கே மத்திய அரசு வேலை. குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, கல்யாணமான இருபதாம் நாள் அரியலூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினார். அதன் பிறகு அந்தப் பெரிய வீட்டில் மாமனார், மாமியார், நான். வேலையாட்களுக்குச் சேர்த்துச் சமைக்க வேண்டும். கொல்லைக் கதவுக்கும் வாசல் கதவுக்கும் நடுவில் என் நாள் முடிந்துவிடும். தெருவில் இறங்கி நடக்கிற பழக்கம் அந்த வீட்டுப் பெண்களுக்கு இல்லை. எங்கே போனாலும் கார்தான்.

அந்தக் கார் நேராகப் போகாது.

நான் வந்த மூன்றாம் மாதம் உடையார்பாளையம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். முன்சீட்டில் மாமனார், பின்னால் மாமியாரும் நானும். ஒரு மதகு வந்தது. ரோட்டில் பள்ளம். கார் அதில் இறங்கி ஏறியதும் தானாக இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஓடியது. டிரைவர் ஸ்டீரிங்கை வலதுபக்கம் வளைக்கிறார், வளைக்கிறார், எதுவும் ஆகவில்லை. திடீரென்று பிடித்துக்கொண்டது. புளியமரத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்றோம். மாமியார் போட்ட சத்தத்தில் வயலில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள்.

மாமனார் இறங்கி டிரைவரை வெளியே வரச்சொன்னார். "ஊதுடா" என்றார்.

டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய அப்பாவும் தாத்தாவும் எங்கள் மாமனார் வீட்டு வயலில் கூலி வேலை செய்தவர்கள். இவர் அரியலூரில் லாரியில் கிளீனராகப் போய், வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தவர். வயல்காட்டு ஆட்கள் எல்லோரும் பார்க்க, குனிந்து மாமனார் மூக்குக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார். அவருக்குக் குடிக்கிற பழக்கமே கிடையாது என்று பிறகு தெரிந்தது. வாசனை எதுவும் இல்லாததால் மாமனாருக்கு இன்னும் கோபம் வந்தது. "கையில வலுவு இல்லாதவன்லாம் எதுக்குடா ஸ்டீரிங்கப் புடிக்கிறீங்க?" என்றார். நான் காருக்குள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்றிலிருந்து கார் அரியலூரைத் தாண்டவில்லை. தாலுகா ஆபீஸுக்கும் வக்கீலைப் பார்க்கவும் மாமனார் போவார், அதுவும் ஊர்ந்துகொண்டு. மாமியார் இனி அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

ஆடிக்கு அழைக்க அப்பா வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, வெயிலில் நடந்து, வேட்டியெல்லாம் புழுதியோடு வந்து நின்றார். மாமனார் அவரை நன்றாகத்தான் உபசரித்தார். வாழையிலை போட்டுச் சாப்பாடு. கடைசியில், "காரு சரியில்ல வாத்தியாரே. சரியாவட்டும், நானே கொண்டாந்து வுடறேன்" என்றார்.

"பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேனுங்களே" என்றார் அப்பா.

"நம்ம வூட்டுப் பொம்பளைங்க பஸ்ஸுல போறதில்ல" என்றார் மாமனார், சிரித்துக்கொண்டே. அப்பா தனியாகத் திரும்பிப் போனார். தீபாவளிக்குக் கணவருக்கு லீவு இல்லை. எனக்குக் கார் சரியில்லை. பொங்கலுக்கும் கார் சரியில்லை. கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிடும் என்று ஆனபோது நான் கேட்பதை நிறுத்தினேன்.

அப்பா வாரம் ஒரு கடிதம் எழுதுவார். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி நேர் நேரான எழுத்து. மாசி மாதம் ஒரு வாரம் கடிதம் இல்லை. அடுத்த வாரம் தங்கையின் கையெழுத்தில் வந்தது. 'அப்பாவுக்குக் கை கொஞ்சம் வலி. அதனால் நான் எழுதுகிறேன். நீ கவலைப்படாதே.' கவலைப்படாதே என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. கடிதத்தை மாமனாரிடம் காட்டினேன்.

படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "கை வலிதான? சரியாப் பூடும். காரு சரியாவட்டும்மா."

மறுநாள் காலை, கொல்லைப்பக்கமாக வெளியே வந்து வயல் வரப்பில் நடந்து பஸ் நிற்கிற இடத்துக்குப் போனேன். கையில் ஒரு பை. அந்தத் தைரியம் எப்படி வந்ததென்று தெரியவில்லை. ஒன்பதரை மணி பஸ் வந்தது. படியில் காலை வைத்துவிட்டேன். கண்டக்டர் என்னைப் பார்த்தார். அவருக்கு என்னைத் தெரியாது; ஆனால் கழுத்திலும் காதிலும் இருந்ததைப் பார்த்து எந்த வீடு என்று தெரிந்துகொண்டார்.

"வூட்டுல சொல்லிட்டுத்தான வந்தீங்க?"

நான் பையிலிருந்து டிக்கெட் காசை எடுத்து நீட்டினேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்கம்மா. அய்யா நாளைக்கி என்னயத்தான் கேப்பாரு" என்றார். விசில் ஊதவில்லை. பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். ஒரு கிழவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எறங்கிப் போ தாயி, நேரமாவுது" என்றாள். இறங்கினேன். பஸ் போன புழுதி அடங்கும்வரை நின்றுவிட்டு, வந்த வரப்பிலேயே திரும்பி நடந்தேன். வீட்டில் யாரும் கவனித்திருக்கவில்லை. உலையில் அரிசி போட நேரம் சரியாக இருந்தது. அன்றைக்கு வந்த மாதிரி ஒரு மூச்சுத் திணறல் எனக்குப் பிறகு எப்போதும் வந்ததில்லை. வாசலைப் பூட்டி வைத்திருந்தால்கூடப் பூட்டை உடைக்கலாம். திறந்து கிடந்த வழியில் போய்த் திரும்பி வந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, மாமனாரும் மாமியாரும் மத்தியானம் படுத்திருந்தபோது, கார் நிற்கிற தகரக் கொட்டகைக்குப் போனேன். டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்தார்.

"இந்தக் காருக்கு என்னதாங்க ஆச்சு?" என்று கேட்டேன்.

நான் 'ங்க' போட்டுப் பேசுவது அவருக்குப் பயமாக இருந்தது. வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "ஸ்டீரிங் ஆட்டங்க சின்னம்மா. எந்த எடத்துல தேஞ்சிருக்குன்னு பாக்கணும். பாக்கறதுக்கு ரெண்டு ஆளு வேணும். ஒருத்தரு மேல ஒக்காந்து ஸ்டீரிங்க ஆட்டணும், ஒருத்தரு அடியில படுத்து ஒவ்வொரு மூட்டாப் புடிச்சிப் பாக்கணும். அந்த சீட்டுல வேற யாரும் ஒக்காரக்கூடாதுன்னு அய்யா சொல்லியிருக்காரு. வயல்ல வேல செய்றவங்க யாரும் வர மாட்டேங்குறாங்க."

"நான் உக்காரறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். நான் கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு காரின் முன்சீட்டில். சீட்டு சூடாக இருந்தது. அவர் கோணிச் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் ஊர்ந்துபோனார்.

"முழுசாத் திருப்பாதீங்க. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். பால் கொழந்தையத் தொட்டில்ல ஆட்டற மாதிரி."

ஆட்டினேன். அப்போதுதான் அதைக் கையில் உணர்ந்தேன். ஸ்டீரிங் வட்டம் நான்கு விரல்கடை சும்மா போகிறது. அதற்கு அப்புறம்தான் எதையோ தொடுகிறது. திரும்பி வரும்போதும் அதே நான்கு விரல்கடை. அந்த இடைவெளியில் ஸ்டீரிங் எதனோடும் சேர்ந்திருக்கவில்லை. மதகடியில் டிரைவர் வளைத்து வளைத்துப் பார்த்தது இந்த வெறுமையைத்தான்.

"வலது பக்கம் நல்லாருக்கு" என்று கீழிருந்து குரல் வந்தது. "ஸ்டீரிங் பெட்டியும் பரவால்ல. ஆட்டுங்க." பிறகு, "நிறுத்துங்க. இன்னொருக்கா." டக் என்று ஒரு சத்தம். "இன்னொருக்கா." டக். "சின்னம்மா, கம்பி நவுருது, சக்கரம் நவுரல."

வெளியே வந்து ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கினார். என்னையே பிடித்துப் பார்க்கச் சொன்னார். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தேன், அசையவில்லை. இரண்டு பக்கவாட்டிலும் பிடித்து அசைத்தேன். லொடலொடவென்று ஆடியது.

"மேல கீழ ஆடுனா வேற எடம். பக்கவாட்டுல ஆடுது பாருங்க, அப்ப டை ராடு எண்டுதான்." குனிந்து கை வைத்துக் காட்டினார். ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்கு ஒரு கம்பி போகிறது. அதன் நுனியில் ஒரு குண்டு, கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் உட்கார்ந்திருக்கிறது, நம் தோள்பட்டை மாதிரி. அதை மூடியிருந்த ரப்பர் கிழிந்து தொங்கியது. கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் அரியலூர் ரோட்டுச் சுண்ணாம்புத் தூசி சாம்பல் குழைத்த மாதிரி அடைந்துகிடந்தது. மொத்தமும் ஒரு எலுமிச்சம்பழம் அளவுகூட இல்லை.

"இத மாத்த எவ்வளவு நாளாகும்?"

"நாளா? சாமான் கையில இருந்தா ஒரு மத்தியானம்."

"மாமாவுக்குத் தெரியுமா?"

அவர் ஜாக்கியை இறக்குவதில் மும்முரமானார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கோயிலுக்குப் போயிட்டு வந்த மறுநாளே சொன்னேங்க. மாத்தலன்னா ஒரு நாள் குண்டு கழண்டுக்கும், அப்ப கட்டுப்படுத்த முடியாதுன்னு சொன்னேன். இருக்கட்டும்டா, தூரமா போவாம இருந்தாப் போதும்னுட்டாரு."

எட்டு மாதம். எட்டு மாதமாக அவருக்குத் தெரியும். கார் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை. எனக்கு ஏன் என்று மட்டும் புரியவில்லை. அதையும் டிரைவரே சொன்னார், அந்த வீட்டில் யாரும் என்னிடம் பேசாத கதை. மூத்த மருமகள் பிரசவத்துக்கு அம்மா வீடு போனாள். பார்க்கப் போன மூத்த மகன் அங்கேயே தங்கிவிட்டான். நான்கு வருஷமாக அவன் இந்த வீட்டுப் படி ஏறவில்லை. "அய்யா கெட்டவரு இல்லிங்க. பயம்" என்றார்.

அவருக்கும் பயம்தான். தினமும் அந்தக் குண்டை நம்பி ஓட்டினார். கழன்றுகொண்டால் போவது அவர் உயிர். தப்பித்தால் வருவது அவர் பேரில் பழி. வேலையை விடலாம் என்றால் அவர் குடியிருந்த வீடு எங்கள் தோப்பு ஓரத்தில், எங்கள் மண்ணில் இருந்தது.

"நாம மாத்திடலாம்" என்றேன்.

"அய்யா கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அத என் வாயால சொல்ல முடியுமா சின்னம்மா?"

"அப்ப நானே சொல்றேன்."

வெகுநேரம் யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார். என்னிடம் இருந்ததைக் கொடுத்தேன். அரியலூரில் அந்த உருப்படி கிடைக்கவில்லை. பெரம்பலூர் மெயின் ரோட்டுக் கடையிலிருந்து, லாரியில் போகிற அவர் மச்சினர் வாங்கி வந்தார். கொட்டகைக் கூரைக் கட்டைக்கும் தகரத்துக்கும் இடையில் அது பத்து நாள் ஒளிந்திருந்தது. பங்குனியில் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாமனார் இரண்டு நாள் பயணமாகப் பஸ்ஸில் கிளம்பினார். ஆண்கள் பஸ்ஸில் போகலாம்.

மாமியார் தூங்கியதும் போனேன். டிரைவர் சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார். நட்டு கழன்றுகொண்டு வராமல் இருக்க அதில் குறுக்கே செருகியிருந்த ஊசிக்கம்பி துருப்பிடித்து ஒடிந்து வந்தது. நட்டைத் திருப்பினார். ஆனால் குண்டின் தண்டு அசைய மறுத்தது. அதன்மேலேயே அடித்தால் மரை போய்விடுமாம். மாட்டியிருக்கும் வளையத்தின் ஒரு பக்கம் ஒரு சுத்தியலை அணைவாகப் பிடிக்க வேண்டும், மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் அடிக்க வேண்டும். அணைவுச் சுத்தியலை நான் பிடித்தேன். ஒவ்வொரு அடியும் என் தோள்வரை ஏறியது. ஆறாவது அடியோ ஏழாவதோ, தண்டு தெறித்து வெளியே வந்து விழுந்தது.

"இப்ப பழசக் கம்பியிலேர்ந்து சுத்திக் கழட்டப் போறேன். எத்தன சுத்துன்னு நீங்க எண்ணிக்கிங்க. புதுசையும் அதே சுத்துதான் ஏத்தணும். கூடக்குறைய ஆனா சக்கரம் கோணிக்கும்."

பதினாறு வந்தது. புதியதை ஏற்றும்போதும் நான்தான் எண்ணினேன். பதினான்கு சொல்லும்போது கொல்லைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

மாமியார் நின்றிருந்தார். சுத்தியல் சத்தம் எழுப்பிவிட்டது. என் கை முழங்கை வரை கறுப்பு, முந்தானையிலும் கிரீஸ். டிரைவர் எழுந்து, தலைத்துண்டைத் தேடி, கிடைக்காமல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னடி பண்றீங்க?"

"ஸ்டீரிங்க சரி பண்றோம் அத்தை. அப்பாவப் பாக்கப் போவணும்." பொய் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அவர் கொட்டகை நிழலுக்கு வந்தார். நெல் அளக்கிற மரக்காலைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காரர். கழற்றிப் போட்ட பழைய குண்டை எடுத்து விரலால் அசைத்துப் பார்த்தார்.

"எங்கம்மா செத்ததுக்கு நான் போவல தெரியுமா?" என்றார். "செட்டிகுளம் தாண்டி எங்க ஊரு. அப்பல்லாம் கூண்டு வண்டி. சீக்குன்னு ஆளு வந்து சொல்லிட்டுப் போனான். மாட்டுக்கு லாடம் அடிக்கணும், அடிச்சதும் போலாம்னாரு ஒங்க மாமா. லாடம் அடிக்கறவன் பத்து நாளு வரவே இல்ல." குண்டை என் கையில் கொடுத்தார். "பதினாலுன்னு எண்ணிக்கிட்டு இருந்தியே. மறந்துடப் போற."

இன்னும் இரண்டு சுத்து ஏற்றினார் டிரைவர். தண்டை வளையத்தில் இறக்கி, நட்டை முறுக்கி, புது ஊசிக்கம்பியைச் செருகி மடித்தார். சக்கரத்தை மாட்டி இறக்கியபின் நான் உள்ளே போய்த் தையல் டேப்பை எடுத்து வந்தேன். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவில் முன்பக்கம் ஒரு அளவு, பின்பக்கம் ஒரு அளவு. முன்பக்கம் ஒரு நூல் குறைவாக இருக்கவேண்டுமாம். ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்தோம். ஒருமுறை தளர்த்தி மறுபடி முறுக்கியதும் சரியாக வந்தது. பிறகு நான் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீரிங்கை ஆட்டினேன். ஒரு விரல்கடைகூடச் சும்மா போகவில்லை. தொட்டவுடன் சக்கரம் சொன்னபடி கேட்டது. எனக்கு அழுகை வந்தது.

மாமனார் வந்த அன்று மாலையே சொல்லிவிட்டேன். காபி டம்ளரை வைத்துவிட்டு, "மாமா, கார சரி பண்ணியாச்சு. நான்தான் சாமான் வாங்கிட்டு வரச்சொன்னேன். அவரு மேல தப்பு இல்ல" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போனார். ஸ்டீரிங்கைப் பிடித்து ஆட்டிப்பார்த்தார். வெகுநேரம் காரைச் சுற்றி வந்தார். குனிந்து டயரைத் தடவினார். திரும்பி வந்து, எல்லாப் பொறுமையோடும் சொன்னார்.

"டயரு நாலும் வழுக்கையா இருக்கும்மா. அத மாத்திட்டுப் போலாம்."

நான் சமையற்கட்டில் போய் நின்றேன். டயருக்கு அப்புறம் பிரேக் இருக்கிறது. பிரேக்குக்கு அப்புறம் பேட்டரி. ஒரு காரில் எத்தனை சாமான்கள் தேய முடியும் என்று எண்ணிப் பார்த்தேன். எங்கள் அப்பாவின் ஆயுளைவிட அதிகமாக இருந்தது.

மறுநாள் காலை மாமியார் குளித்து, பட்டுப்புடவை கட்டி, வெற்றிலைப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். ஒன்பது மாதமாக அந்தக் காரில் ஏறமாட்டேன் என்றவர், பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"எங்க?" என்றார் மாமனார்.

"சம்பந்திக்கு ஒடம்பு சரியில்லயாம். பாத்துட்டு வரேன். இவளும் வரா."

"டயரு..."

"தெரியும். வெடிச்சா எறங்கி நடக்கறோம்."

டிரைவர் காருக்கு முன்னால் நின்று மாமனார் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். மாமியார் உள்ளேயிருந்து, "ஏறுடி" என்றார். ஏறினேன். மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். கடைசியில் டிரைவரிடம், "மெதுவாப் போடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அரியலூர் ரயில்வே கேட்டில் அரைமணி நேரம் நின்றோம். முன்னும் பின்னும் சுண்ணாம்புக்கல் லாரிகள். மாமனார் சைக்கிளில் யாரையாவது அனுப்பித் திரும்பக் கூப்பிடுவார் என்று நான் பின்கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மாமியார் முன்சீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பெரம்பலூர் தாண்டித்தான் கையை எடுத்தார். டயர் எதுவும் வெடிக்கவில்லை.

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது, வேறு யாருடைய கையோ மாதிரி. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார், புரியவில்லை. மறுபடி சொன்னார். "கார் சரியாயிடுச்சா?" என்று கேட்கிறார் என்று தங்கை சொன்னாள். நான் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

மாமியார் மறுநாள் திரும்பினார். நான் பதினைந்து நாள் இருந்தேன். அப்பாவுக்குச் சிலேட்டில் இடது கையால் எழுதப் பழக்கினோம். அடம் பிடித்து மூன்றே வாரத்தில் கடிதம் எழுதுகிற அளவுக்கு வந்துவிட்டார். அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தார். என்னைத் திருப்பிக் கூட்டிப்போக அதே கார்தான் வந்தது. ஓட்டி வந்தது வேறு ஆள். மாமனாருக்குத் தூரத்துச் சொந்தம்.

வழியில் கேட்டேன். "அவன நிறுத்திட்டாங்க" என்றார் அந்த ஆள்.

மாமனார் என்னைத் தண்டிக்க முடியாது. மாமியாரைத் தண்டிக்க முடியாது. மிச்சம் இருந்தவர் ஒருவர்தான். வேலை போனதோடு தோப்பு ஓர வீட்டையும் காலி செய்யச் சொல்லியிருந்தார். நான் மாமியாரிடம் போய் அழுதேன். அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "என்னால அவ்வளவுதாண்டி முடியும்" என்றார். மாமனாரிடம் நேராகவே கேட்டேன். "நான் சொல்லித்தான செஞ்சாரு மாமா?" அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதுக்குத்தான்" என்றார்.

ஊரை விட்டுப் போவதற்கு முன் டிரைவரின் மனைவி கொல்லைப்பக்கம் வந்தாள். இடுப்பில் கைக்குழந்தை. நான் கொடுக்க எடுத்துவைத்திருந்த அரிசியையும் புடவையையும் வாங்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. "ஒங்களுக்குப் போறதுக்கு ஒரு அப்பா வூடு இருந்திச்சி சின்னம்மா" என்றாள். "நாங்க எங்க போவணும்னு நீங்க யோசிச்சிருக்கலாம்." சொல்லிவிட்டுக் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போனாள். நான் யோசித்திருக்கவில்லை. அதுதான் உண்மை. நானே சொல்கிறேன் என்று சொன்னால் போதும், என் வாய்ச்சொல் அவருக்கும் சேர்த்து வேலியாக நிற்கும் என்று நினைத்திருந்தேன்.

அந்த வீட்டில் இன்னும் மூன்று வருஷம் இருந்தேன். கார் காரணம் அதன் பிறகு வரவில்லை. வேறு காரணங்கள் வந்தன. நான் ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டேன். பாதி தடவை போனேன், பாதி தடவை போகவில்லை. பிறகு கணவருக்குக் குவார்ட்டர்ஸ் கிடைத்தது.

எண்பதுகளின் நடுவில், கைக்குழந்தையோடு லீவுக்கு வந்திருந்தபோது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. காக்கிச் சட்டை. மெயின் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை என்றார். குடும்பம் அங்கேயே இருக்கிறதாம். "அய்யாவுக்குக் கை எப்படிங்க?" என்று அப்பாவை விசாரித்தார். இடது கையால் எழுதுகிறார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். அன்றைக்கு அவருக்கு நேர்ந்ததைப் பற்றிப் பேச நான் வாயைத் திறந்தேன். "அரும்பாவூர் பஸ்ஸு கௌம்புது பாருங்க" என்றார் அவர், கையைக் காட்டி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். படியில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது அவர் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தார். கேட்க நினைத்த மன்னிப்பு வாயிலேயே இருந்தது.